கஜானா காலி, கலீஃபா பாக்கி

1258, பிப்ரவரி. செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு பாக்தாத்தைப் பிடித்தான். கலீஃபா முஸ்தஸிமைக் கம்பளத்தில் சுருட்டிப் போட்டு, மேலே குதிரைகளை ஏற்றிக் கொன்றார்கள் என்பது கதை. அரச ரத்தம் தரையில் சிந்தக் கூடாதாம். மங்கோலியர்களின் மரியாதை அப்படி! ஐந்நூறு வருஷத்து அப்பாஸிய கிலாஃபத் அத்துடன் க்ளோஸ்.

நல்ல க்ளைமாக்ஸ்தான். ஆனால் எனக்கென்னவோ இது திருப்தியாக இல்லை. கலீஃபாவைக் கொன்றதில் சந்தேகமில்லை. கிலாஃபத் செத்தது அன்றைக்குத்தானா என்பதில்தான் சந்தேகம்.

நான் பி.காம். படித்தவன். ஒரு சாம்ராஜ்யம் ஏன் விழுந்தது என்று கேட்டால் என் கை போர்க்களம் பக்கம் போகாது. வரவு செலவுப் பக்கத்தைத்தான் புரட்டும். அப்பாஸியர்கள் விஷயத்தில் அந்தப் பக்கங்கள் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. அவர்கள் பெரிய வீரர்களோ இல்லையோ, கணக்கு எழுதத் தெரிந்தவர்கள்.

762-ல் பாக்தாத்தை நிர்மாணித்த கலீஃபா மன்சூருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘தம்படிகளின் தகப்பன்’ என்று தமிழில் சொல்லலாம். அவ்வளவு கஞ்சம். ஊரைக் கட்டி முடித்த பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். ஒரு பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் பதினைந்து திர்ஹம் உதைத்தது. ஆளை உள்ளே தள்ளி, காசு வந்த பிறகுதான் வெளியே விட்டார். உலகத்தின் பெரிய ராஜாங்கம்; பிரச்னை பதினைந்து திர்ஹம்! சிரிக்காதீர்கள். அந்த மனுஷர் நிரம்பி வழிகிற கஜானாவை விட்டுவிட்டுப் போனார். பேரன் ஹாரூன் அல் ரஷீத் அரபுக்கதைகளில் ஹீரோவாக வலம் வந்தது தாத்தாவின் காசில்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? சவாத் என்கிற தெற்கு இராக்கிலிருந்து. டைக்ரிஸ், யூஃப்ரடீஸ் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே கால்வாய் வெட்டிப் பயிர் செய்த மண். கால்வாய் என்பது ஒரு தடவை வெட்டிவிட்டு மறந்து போகிற சமாச்சாரமில்லை. வருஷா வருஷம் தூர்வார வேண்டும், கரை கட்ட வேண்டும். விட்டால் வண்டல் அடைத்துக்கொள்ளும், வயலில் உப்புப் பூக்கும். ஆக, கிலாஃபத்தின் உண்மையான மூலதனம் அரண்மனையில் இல்லை. சேற்றில் இருந்தது.

அடுத்து செலவுப் பக்கம். ஹாரூனின் மகன் முஅதஸிம், சொந்த ஜனத்தை நம்பாமல் துருக்கிய அடிமை வீரர்களை விலைக்கு வாங்கிப் படை சேர்த்தார். பாக்தாத் மக்களுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 836-ல் அவர்களுக்காகவே சமர்ரா என்று புதுத் தலைநகரம் உருவானது. விதி பாருங்கள், 861-ல் அவர் மகன் முதவக்கில் அந்தக் காவல்காரர்கள் கையாலேயே செத்தார். அடுத்த ஒன்பது வருஷத்தில் நாலு கலீஃபாக்கள். அதில் ஒருவர் முஅதஸ். சம்பள பாக்கிக்காக வீரர்கள் ஐம்பதாயிரம் தினார் கேட்டு நின்றார்கள். அவர் அம்மாவிடம் ஓடினார். ‘என்னிடம் ஏது?’ என்று கைவிரித்துவிட்டார் அந்த அம்மா. மகன் செத்தான். பிறகு அந்த அம்மா ஒளித்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்தபோது லட்சக்கணக்கில் தினார்!

அதே சமயம் தெற்கே சதுப்பு நிலத்தில் உப்பு மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டிருந்த கறுப்பு அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். 869-லிருந்து 883 வரை பதினாலு வருஷம். பஸ்ரா நகரமே சூறையானது. வரவு தரும் மண்ணில் யுத்தம். செலவு வைக்கும் படைக்கு இன்னும் செலவு.

கல்லூரி முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றரை வருஷம் வவுச்சருக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ஜவுளிக்கடைக் கணக்கு வரும். மூன்றாம் தலைமுறை முதலாளி. எதிரே பெரிய ஷோரூம் வந்தது, கடை படுத்துவிட்டது என்று ஊரே பேசியது. லெட்ஜர் வேறு பேசியது. ஷோரூம் வருவதற்கு ஏழு வருஷம் முன்பே மாதச் சம்பளத்தைக் கடன் வாங்கித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். குடோனை அடகு வைத்த வருஷம்தான் கடைக்குப் புது கண்ணாடி முகப்பும் வைத்தார்கள். கடைசியில் முதலாளிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இருபத்தெட்டு வருஷம் அங்கே துணி கிழித்துக் கொடுத்த ஒரு பெரியவர்தான் கிராஜுவிட்டிக்காக எங்கள் ஆபீஸ் படியேறிக்கொண்டிருந்தார். எங்கள் கையில் என்ன இருக்கிறது? ‘அடுத்த வாரம் வாங்க ஐயா’ என்போம். அவரும் வருவார்.

முக்ததிர் என்கிற கலீஃபாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடி முகப்புதான் ஞாபகம் வரும். 908-ல் பதின்மூன்று வயதில் பட்டத்துக்கு வந்தவர். 917-ல் பைஸாந்திய தூதர்கள் வந்தபோது அரண்மனையில் முப்பத்தெட்டாயிரம் திரைச்சீலைகள் தொங்கவிட்டிருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளியில் ஒரு மரம், அதில் கூவுகிற இயந்திரப் பறவைகள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பின்கட்டில் என்ன நடந்தது? அலீ இப்னு ஈசா என்று ஒரு நேர்மையான வஜீர் பாக்தாத்தின் இரண்டு யூத வட்டிக்காரர்களைக் கூப்பிட்டு, மாதம் பிறந்தவுடன் ஒன்றரை லட்சம் திர்ஹம் கொடுத்தாக வேண்டும் என்றார். காலாட்படைக்குச் சம்பளம் போட. ஈடு, அஹ்வாஸ் மாகாணத்து வரி. சுத்தமான ஓவர்டிராஃப்ட்! இந்த ஏற்பாடு பதினாறு வருஷம் ஓடியதாம். இதே வஜீர் 918-19-க்குப் போட்ட பட்ஜெட்டில் சவாத் வருமானம், நூறு வருஷத்துக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே. சிக்கனம் பேசிய அவரைத் தூக்கினார்கள், திரும்ப வைத்தார்கள், திரும்பத் தூக்கினார்கள். 932-ல் முக்ததிர் சொந்தத் தளபதியின் படையோடு மோதிச் செத்தார்.

பிறகு சரிவு வேகமானது. 936-ல் ராணுவம், வரி வசூல் எல்லாமே இப்னு ராயிக் என்ற தளபதி கைக்குப் போயின. எதிரி வருகிறான் என்று அவர் செய்த காரியம், நஹ்ரவான் கால்வாயின் கரையை உடைத்து விட்டது. எதிரி நிற்கவில்லை. பயிர்தான் போயிற்று. 945-ல் ஈரானியப் புவைஹிகள் வந்து கலீஃபாவைத் தினப்படி வாங்குகிறவராக ஆக்கினார்கள். வீரர்களுக்குக் கொடுக்கக் காசில்லை. ‘இந்தா, நிலத்து வரியை நீயே வசூலித்துக்கொள்’ என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

ஒத்திக்கு எடுத்தவன் தென்னைக்கு உரம் போடுவானா? கறக்கிற வரை கறந்தார்கள், கால்வாயைப் பார்க்கவில்லை. நிலம் தரிசானதும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு நிலம் கேட்டார்கள். அந்த ஆட்சியிலேயே உத்தியோகம் பார்த்த மிஸ்கவைஹ் என்ற வரலாற்றாசிரியர் இதை மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கஜானா காலியானதால் மூளை காலியாகிவிடவில்லை. இப்னு சீனா, அல் பிரூனி எல்லாம் இதற்குப் பிறகு பிறந்தவர்கள். கெய்ரோவும் கொர்தோபாவும் தனித்தனிக் கலீஃபாக்களை வைத்துக்கொண்டு ஜொலித்தன. பாக்தாத் கலீஃபாவும் பிற்காலத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்தார். ஆனால் பழைய மூலதனம் திரும்பவில்லை.

1258-க்கு வருவோம். நாசிருத்தீன் தூசி என்ற அறிஞர் ஹுலாகுவின் கூடவே இருந்தவர். அவர் பேரில் ஒரு குறிப்பு உண்டு. பிடிபட்ட கலீஃபா முன்னால் ஹுலாகு ஒரு தட்டுத் தங்கத்தை வைத்து, ‘சாப்பிடு’ என்றானாம். ‘தங்கத்தைச் சாப்பிட முடியாதே’ என்றார் கலீஃபா. ‘அப்படியென்றால் இதை உன் வீரர்களுக்குக் கொடுக்காமல் ஏன் வைத்திருந்தாய்?’ என்று கேட்டான் ஹுலாகு. நடந்ததோ இல்லையோ, ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்வி!

அப்புறம் கெய்ரோவில் ஒரு நிழல் கலீஃபா வம்சம், பிறகு ஆட்டோமான் சுல்தான்கள், 1924 மார்ச் 3-ல் துருக்கி நாடாளுமன்றம் அந்தப் பதவியையே ஒழித்தது என்று கதை நீள்கிறது. 2014-ல் மோசூலில் ஒருவர் கறுப்பு உடையில் மேடையேறித் தன்னைக் கலீஃபா என்று சொல்லிக்கொண்டார். அவருக்கும் வாள்தான் ஞாபகம் இருந்தது. கிலாஃபத்தைத் திட்டுகிறவர்களுக்கும் வாள்தான் ஞாபகம். மன்சூரின் பதினைந்து திர்ஹம் யார் ஞாபகத்திலும் இல்லை.

பொற்காலத்தைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று யார் கிளம்பினாலும், எந்த ஊராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், எனக்கு ஒரே ஒரு கேள்விதான்.

‘சரி ஐயா, கால்வாயை யார் தூர்வாரப் போகிறார்கள்?’