ரைலி வயலில் ஏழு கல்லறைகள்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு சிற்றூர். ஊரைத் தாண்டி ரைலி என்ற பண்ணை நிலத்தில், வட்டக் கல்சுவருக்குள் ஏழு கல்லறைகள் இருக்கின்றன. ஏழும் ஹேன்காக் குடும்பத்தினருடையவை. 1666 ஆகஸ்டு 3 முதல் 10 வரை, எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்தவர் எலிசபெத் ஹேன்காக்.

ஊர்த் தேவாலயத்தை ஒட்டியே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிறகு இவர்கள் ஏன் வயலில்?

லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடுதான் கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்தது என்பார்கள். 1665 செப்டம்பரில் அந்த வீட்டிலிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் முதலில் இறந்தார். மறு கோடையில் நோய் கட்டுமீறியது. பாதிரியார் வில்லியம் மோம்பெசனும் அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லியும் எடுத்துச் சொல்ல, ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்பதற்காக எல்லையை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். எல்லைக் கல்லின் குழிகளில் வினிகரை ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூரார் காசை எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்கள். ஆராதனையும் திறந்தவெளிப் பள்ளத்தாக்குக்கு மாறியது.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். இறந்தவரை இனி கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவரக்கூடாது. அவரவர் வீட்டாரே தோட்டத்திலோ வயலிலோ புதைத்துவிட வேண்டும். ஊரடைப்பைப் பலரும் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த முடிவே அதைவிடக் கடினமானதாகத் தோன்றுகிறது. பாதிரியார் ஜெபிக்க, பெற்றோர் பாட்டன்மார் பக்கத்தில் அடக்கமாவது அந்த மக்களுக்கு வாழ்நாள் நம்பிக்கை. அதையும் விட்டுக்கொடுத்தார்கள்.

உடல்களைத் தூக்கிப்போக எலிசபெத்துக்கு நாலு பேர் கிடைக்கவில்லை. உடலைத் தொட அஞ்சி, காலில் துணியைக் கட்டி இழுத்துச் சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. நோய் அவரைத் தொடவில்லை. பின்னர் எஞ்சியிருந்த மகனைத் தேடி ஷெஃபீல்டு நகரத்துக்குப் போய்விட்டார்.

அதே மாதம் மோம்பெசனின் மனைவி கேத்தரினும் இறந்தார். அவருக்குத் தேவாலய வளாகத்தில் இடம் கிடைத்தது.

நோய் அடங்கியபோது இறந்தோர் எண்ணிக்கை சுமார் 260. ஹேன்காக் குடும்பத்தின் கல்லறைகளை இன்று நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அடையாளக் கல் எதுவும் இல்லை. அவர்களுடைய பெயர்கள் தேவாலயப் பதிவேட்டில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசி ஞாயிறன்று அவர்களை நினைத்து ஊரில் ஆராதனை நடக்கிறது.