‘ரன்’ எல்லாம் ஓட்டமல்ல

ஆங்கிலம்–தமிழ் அகராதி வேலையில் சேர்ந்தபோது முதலில் எனக்குக் கொடுத்தவை பெயர்ச்சொற்கள். நாற்காலி, பாலம், கொசுவலை என்று வேலை வேகமாக நகர்ந்தது. இவ்வளவுதானா அகராதி என்று நினைத்திருந்தபோது, ‘ரன்’ என்று எழுதிய அட்டைப்பெட்டி ஒன்றை ஆசிரியர் என் மேஜையில் வைத்தார். செய்தித்தாள், நாவல், சலவைக் குறிப்பு, மருந்து விளக்கம் என எங்கெங்கிருந்தோ எடுத்த ஆங்கில வாக்கியங்கள், அட்டைக்கு ஒன்றாக உள்ளே இருந்தன.

“ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர்னு ஒருத்தர் ஒன்பது மாசம் இதோடயே கிடந்தார். நமக்கு ஒரு பத்தி போதும்மா. ஆனா அதை நம்பி ஒரு பிள்ளை பரீட்சை எழுதும், ஞாபகம் இருக்கட்டும்” என்றார்.

நான் ‘ஓடு’ என்று தலையில் எழுதிவிட்டு, அதற்குள் எதெல்லாம் அடங்கும் என்று பார்க்கத் தொடங்கினேன். தமிழும் தாராளமாக இடம் கொடுத்தது. பேருந்து ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. அந்தத் தைரியத்தில் மூக்கையும் ஓடவிட்டேன், துணியின் சாயத்தையும் ஓடவிட்டேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: “மூக்கு எந்தப் பக்கம் ஓடிற்று?” சளி பிடித்தால் மூக்கு ஒழுகும். துவைத்தால் சாயம் போகும். உடம்புக்குக் காய்ச்சல் அடிக்கும். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ செய்வார். நம் வேட்பாளர் நிற்பார், பிரிட்டனிலும் நிற்பதுதான் வழக்கம்.

அடி வாங்கியதில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மூக்குக்கு ஒரு எண், குழாய்க்கு ஒரு எண், கடைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, முகாமுக்கு ஒன்று என்று பொருள்களைப் பிரித்துக்கொண்டே போனதில் தாள்கள் பெருகின. ஆசிரியர் படிக்கவேயில்லை. கையில் வைத்து எடை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இது மளிகைச் சீட்டும்மா. தமிழைக் கொஞ்சம் ஓரமா வை. ஓடுறது யாரு, எதை ஓட்டுறாங்க, அதை மட்டும் பாரு.”

அட்டைகளைக் கொட்டி மறுபடி தொடங்கினேன். செயப்படுபொருள் உள்ள வாக்கியங்கள் வலப்பக்கம், இல்லாதவை இடப்பக்கம். பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் அன்றுதான் கைவேலை ஆனது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளியான தம் அகராதியில் வினைகளை இப்படித்தான் வாக்கிய அமைப்பு வாரியாக வகுத்தார் என்று ஆசிரியர் சொல்லித் தந்தார். பழகப் பழக ஒன்று புரிந்தது. சந்தேகமில்லாத அட்டை தானாகக் குவியலில் போய் விழுந்துவிடும்; சந்தேகமானது இரண்டு விரல்களுக்கு நடுவே தங்கிவிடும். அகராதிக்காரர்கள் ‘பொருள் எல்லை’ என்பது அந்தத் தயக்கத்தைத்தான். தயங்கினால் பெயர்ச்சொல்லை மாற்றிப் பார்க்க வேண்டும். கடைக்குப் பதில் பள்ளியை வைத்தாலும் ‘நடத்து’ நிற்கிறது. ஒரே எண் போதும். இயந்திரத்தை வைத்தால் ‘இயக்கு’ வருகிறது. அங்கே புது எண்.

ஒரு மாலை இரண்டு குவியல்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. இடப்பக்கம் ‘ஓடு’, வலப்பக்கம் ‘ஓட்டு’! ஆங்கிலம் ஒரே வடிவத்தில் சுமப்பதைத் தமிழ் ஒரு டகரத்தை இரட்டித்துத் தன்வினை, பிறவினை என்று பிரித்து வைத்திருக்கிறது. ஓரமாக வைத்த தமிழை மறுபடி கையில் எடுக்க அப்போதுதான் தைரியம் வந்தது.

ஆனாலும் ‘ரன் அவுட்’ என்னை விடவில்லை. வாக்கியத்தின் பொருள் தெளிவு: அவர்கள் வீட்டில் அரிசி காலி. நான் எழுதியது: ‘(ஒருவர்) தீர்ந்துபோ.’ ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒருத்தர் தீர்ந்துபோனா சுடுகாட்டுக்குத்தான்மா கொண்டுபோகணும்.” ஆங்கிலத்தில் மனிதர் எழுவாய், தமிழில் அரிசி எழுவாய், மனிதருக்கு வேற்றுமை உருபு வேண்டும். ‘(ஒருவரிடம் ஒன்று) தீர்ந்துபோ’ என்று அடைப்புக்குறிக்குள் ‘இடம்’ சேர்ந்த பிறகே பதிவு நேரானது. அந்த ஓர் உருபுக்காகப் பல வரைவுகளைக் கிழித்தேன். முன்பெல்லாம் அடைப்புக்குறியை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். மாணவர் வாக்கியம் அமைக்கப் பிடித்துக்கொள்ளும் இடம் அது.

கடைசியில் வரிசை. குவியல்களைக் கையில் பிடித்தால் கனமே பயன்பாட்டைச் சொல்லிவிடும். கால்களால் ஓடும் அட்டைகளைவிட ‘நடத்து’ கட்டு தடிமனாக இருந்ததால் அதை முதலில் வைத்தேன். ஆசிரியர் மாற்றினார்: “எண்ணிக்கை சரிதான். ஆனா படிக்கிற பிள்ளைக்குக் காலோட்டம் முதல்ல வந்தாத்தான் மத்ததெல்லாம் அதிலிருந்து கிளைச்சதுன்னு தெரியும்.” எண்ணுவதோடு வேலை முடிவதில்லை என்று அவரிடம்தான் கற்றேன்.

இறுதி வரைவில் அவர் அடித்தது ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தை மட்டும். அது நான் மேஜையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதியது. அட்டையிலிருந்து எடுத்தவை எல்லாம் நின்றன. பாராட்டு எதுவும் சொல்லவில்லை. அடுத்த பெட்டியை நகர்த்தி வைத்தார். மேலே ‘செட்’ என்று எழுதியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பழைய பதிப்பில் மிக நீளமான பதிவு அதற்குத்தான். பெயர்ச்சொற்களுக்குத் திருப்பி அனுப்பாமல் அதை என்னிடம் கொடுத்ததே எனக்குப் போதுமாக இருந்தது.