புளியரை ஏற்றத்துக்கு ஏழு பவுண்டு காற்று

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிற பிக்கப்புகளில் எது நல்ல வண்டி என்று செங்கோட்டை தாண்டும்வரை யாராலும் சொல்ல முடியாது. புளியரைக்கு மேலே எஸ் வளைவில் முன்னால் போகும் லாரி நின்றுவிட்டால், நம் வண்டியை மறுபடி எடுக்கும்போது தெரிந்துவிடும். பின்னால் கரும்புகை கிளம்பும், ஹீட் மீட்டர் முள் மேலே ஏறும். லேசுப்பட்ட மலை இல்லை. செங்கோட்டை–புனலூர் பாதையில் ரயிலுக்கே பின்னால் இன்னொரு இன்ஜினைக் கோத்துத் தள்ளுகிறார்கள். "அண்ணாச்சி, செலவு ஜாஸ்தி ஆகாம ஒரு டர்போவ மாட்டி விடுங்க" என்று வந்து நிற்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பார்ப்பேன். பிறகு நாசில், பம்பு டைமிங், கிளட்ச் பிளேட். பாதிப் பேருக்கு வியாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பேருக்கு அந்தக் கரும்புகையைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவேன். டீசல் இன்ஜினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுவது டீசல்தான். காற்று பிஸ்டன் இழுக்கிற அளவுக்குத்தான் வரும். டாடா 207 டிஐ-யை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத 497 இன்ஜின்; நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், 2956 சிசி. ஏற்றத்தில் முழுசாக மிதித்தால், எரியக் காற்றுப் போதாத டீசல்தான் கரியாக வெளியே போகிறது. அதாவது காசு கொடுத்து வாங்கிய டீசல். சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூட்டையும் வேகத்தையும் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பலாம் என்று சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்பிரட் பூஷி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றைக்கு நம் சென்னைப் பக்கம் பையனூரிலேயே டர்போ செய்கிறார்கள்.

பட்ஜெட் வேலையில் நான் விடாப்பிடியாக நிற்பது ஒன்றில்தான்: காற்றைக் கொடு, டீசலைக் கூட்டாதே. பம்பில் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டினால் வண்டி பறக்கும், சந்தேகமில்லை. கூடவே பிஸ்டன் உருகும், ஹெட் கேஸ்கட் போகும். டர்போவுக்கென்றே செய்த இன்ஜின்களில் பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட் இருப்பது வழக்கம். சாதா இன்ஜினில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. அதனால் ஏழு பவுண்டு, அதாவது அரை பார். அதற்கு மேல் நான் போவதில்லை. அந்த அளவில் இன்டர்கூலர் இல்லாமலும் சமாளிக்கலாம். சித்திரை வெயிலில் டர்போவை விட்டு வெளிவரும் காற்று 90 டிகிரியைத் தொடும். இன்டர்கூலர் இருந்தால் நல்லதுதான், ஆனால் அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

பழைய டர்போ புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ கிடைத்துவிடும். பெரிய லாரியுடையது மலிவாக வருகிறதே என்று தூக்கி வந்துவிடக் கூடாது. மூன்று லிட்டர் இன்ஜினின் புகைக்கு அது சுற்றவே யோசிக்கும். எஸ் வளைவில் வண்டி உருளுகிற வேகத்தில் ஒரு பவுண்டும் ஏறாது. ஏறக்குறைய அதே சிசி உள்ள இன்ஜினிலிருந்து கழற்றியதாக இருக்க வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடும். ஆயில் படலத்தில் மிதக்கிற பேரிங், ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் கையில் தட்டுப்படும்படி ஆடினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். இறக்கையின் நுனி உடம்பில் உரசிய தடம் இருந்தாலும் அப்படித்தான்.

டர்போவில் மிச்சம் பிடித்த பணத்தை ஆயில் பைப்பில் போடச் சொல்வேன். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிற தண்டு அது. உள்ளே போகும் பைப் சின்னது, பிரஷரோடு போகும், பிரச்சினை குறைவு. திரும்பி வரும் பைப்பில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். அங்கே பிரஷர் கிடையாது, ஆயில் நுரைத்து வரும், தானாக வழிய வேண்டும். கட்டைவிரல் பருமன் வேண்டும், எங்கேயும் மேடேறக் கூடாது, ஆயில் பேனில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். லேத் பட்டறையில் பேனைக் கழற்றிக் கொடுத்துக் குழாய் வெல்டிங் வைக்க ஒரு பகல் போகும். போகட்டும். அடுத்த செலவு புகைச்சூடு காட்டும் மீட்டர். மேனிபோல்டில், டர்போவுக்கு முன்னால். ஏற்றத்தில் 700 டிகிரிக்கு மேல் நிற்க விடாதே, கியரைக் குறை என்று டிரைவருக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

சாரல் காலத்தில் மட்டும் டெஸ்ட் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவதில்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்துக் குளிர்காற்றைக் குடித்தால் எந்த இன்ஜினும் நன்றாகத்தான் இழுக்கும். பங்குனி மதியம், முழு லோடு, கோட்டைவாசல் வரை, அதுதான் கணக்கு. சீசனில் இன்னொரு வம்பும் உண்டு. மலை ஏறி வந்த சூட்டோடு மெயினருவிப் பார்க்கிங்கில் சாவியைத் திருகிவிட்டுத் துண்டோடு ஓடுகிறார்கள். டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கரியாகக் காய்ந்துவிடும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைத்தால் அருவி எங்கேயும் போய்விடாது.

சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. டர்போ இல்லாமல் பதிவான வண்டி என்றால் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டு வாங்க என்று அனுப்பிவிடுவேன். அனேகமாகத் திரும்பி வரமாட்டார்கள். எனக்கு வருமானம் தருவது கம்பெனியிலேயே டர்போவோடு வந்து, அது செத்ததும் செலவுக்குப் பயந்து கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற வண்டிகள்தான். அவற்றுக்கும் இதே ஆயில் பைப், இதே மீட்டர்.

அப்படி ஒரு வண்டியை முடித்துக் கொடுத்தபோது, ஏற்றத்தில் புகையே இல்லாமல் மூன்றாம் கியரில் ஏறியது. இறங்கி வந்த ஓனர் முகத்தில் தெளிவில்லை.

"என்ன அண்ணாச்சி, விசில் சத்தம் வரலையே?"

"ஓஸ் எங்கயாவது லீக் இருந்தாத்தான் அப்படிக் கத்தும். நல்லா டைட் பண்ணியிருக்கேன்."

கொஞ்ச நேரம் பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கிளாம்ப மட்டும் லேசா லூஸ் பண்ணி விட முடியுமா?"