சூடானால் இடக்குப் பண்ணும் கார்

இடக்குப் பண்ணும் காரைப் பட்டறைக்குக் கொண்டு போவதில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே போனதும் அது சமர்த்தாகிவிடும். எங்கள் வீட்டுக் கார் 14 வயதுக்காரர். காலையில் ஒரே திருகில் கிளம்புவார். ஓடிச் சூடான பிறகு எங்காவது சற்று நேரம் நிறுத்திவிட்டால் போதும், திரும்பக் கிளம்பப் பத்து வினாடி, சில நாள் மூன்று நான்கு தடவை திருக வேண்டியிருக்கும்.

மற்றவர்களுக்கு இது எரிச்சலோடு போய்விடும். எனக்கு அப்படியில்லை. திங்கள், புதன், வெள்ளியில் அம்மாவைக் கிள்ளானில் ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போகிறேன். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், கால் தள்ளாடும். திரும்பும் வழியில் மருந்துக் கடை வாசலில், பகல் வெயிலில், குளிர்சாதனம் இல்லாமல் அவரை உட்கார வைத்துக்கொண்டு சாவியைத் திருகிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் பார்த்த பட்டறையில் பேட்டரி, ஸ்டார்ட்டர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். 700 வெள்ளி. நான் தலையாட்டவில்லை. பேட்டரி தளர்ந்தாலோ, ஸ்டார்ட்டர் சூட்டில் சோர்ந்தாலோ இன்ஜின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். அல்லது ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். எங்கள் கார் தெம்பாகத்தான் சுற்றியது. பற்றிக்கொள்ளத்தான் மறுத்தது.

வழி காட்டியவர் அம்மாதான். சிகிச்சைக்கு முன் எடை, பின் எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர் என எல்லாவற்றையும் அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். “எனக்கு எழுதுற மாதிரி அதுக்கும் எழுதிப் பாரும்மா” என்றார். பின்பக்கத்தில் ஆரம்பித்தோம்: எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை திருகு.

இரண்டு வாரத்தில் படம் தெளிவானது. நான்கு மணி நேரம் நின்று ஆறிய பிறகு, சிகிச்சை மையத்திலிருந்து கிளம்பும்போது ஒரு நாளும் தகராறு இல்லை. மருந்துக் கடையில் 15 நிமிடம் நின்றால் கட்டாயம் தகராறு. அந்த நேரத்தில் பெட்ரோல் வாடை வருகிறது என்பதையும் அம்மாதான் கண்டுபிடித்தார்.

இதை எடுத்துக்கொண்டு, தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். அவர் நோட்டைப் படித்துவிட்டு, எதையும் கழற்றாமல் இரண்டு சோதனை சொன்னார். ஒன்று, ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, பெட்ரோல் பம்ப் ஓடி நிற்கும் வரை பொறுத்து, இப்படி மூன்று முறை செய்வது. அதில் உடனே கிளம்பினால், நிற்கும் நேரத்தில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். எங்களுக்கு மாற்றமில்லை. இரண்டாவது, கியர் ‘பி’யில், கைபிரேக் போட்டு, எண்ணெய் மிதியைத் தரை வரை அழுத்திக்கொண்டு திருகுவது. பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்படி மிதித்தால், ஸ்டார்ட் ஆகும் வரை பெட்ரோல் பாய்வதைக் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். மிதித்தேன். கரும்புகையைக் கக்கிக்கொண்டு பற்றியது. (பற்றியதும் காலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் அலறிவிடும்.)

“பசி இல்லை தங்கச்சி, அஜீரணம்” என்றார் அண்ணன். தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. ஏன்?

ஸ்கேனரைச் சொருகினார். அரை மணி நேரம் ஓடிய இன்ஜினின் தண்ணீர் வெப்பம் 34 டிகிரி என்று காட்டியது. டேஷ்போர்டு முள்ளோ வழக்கம்போல் நடுவில் நின்றது. எங்கள் கார் போன்ற பழைய வண்டிகள் பலவற்றில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொன்று, ரேடியேட்டர் காற்றாடிக்குத் தனி சுவிட்ச். முள் உண்மை சொன்னது; கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்பவர் பொய் சொன்னார். அதை நம்பிய கம்ப்யூட்டர், சூடான இன்ஜினுக்குக் குளிர்ந்த இன்ஜினின் அளவில் பெட்ரோலை ஊற்றியது. காலையில் இன்ஜின் உண்மையிலேயே 30 டிகிரி பக்கம் இருப்பதால் அந்தப் பொய் யாரையும் பாதிக்கவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. கம்பி அறுந்திருந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கும். 34 என்பது நம்பும்படியான எண்.

சென்சாரை மாற்றும் முன் அண்ணன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழையதையும் புதியதையும் ஒரு மைலோ குவளைச் சுடுநீரில் முக்கி, மீட்டரை வைத்துக் காட்டினார். சூடு ஏற ஏற மின்தடை குறைய வேண்டும். புதியது 1,700 ஓமிலிருந்து 300 பக்கம் இறங்கியது. பழையது 1,500-ஐ விட்டு நகரவே இல்லை. கூலியோடு 85 வெள்ளி.

உங்கள் கார் சூட்டில் அடம் பிடித்தால் அதுவும் இந்தச் சென்சார்தான் என்று கடைக்கு ஓடாதீர்கள். சூடேறினால் செத்து, ஆறினால் உயிர் பெறும் கிராங்க் சென்சாரும் உண்டு. ஒழுகும் இன்ஜெக்டரும் உண்டு. பட்டறையில் “எப்போதாவது ஸ்டார்ட் ஆகாது” என்று மட்டும் சொன்னால், அவர்கள் ஊகித்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

அம்மா நோட்டின் பின்பக்கத்தை இன்னும் விடவில்லை. போன வெள்ளிக்கிழமை எழுதியது: மருந்துக் கடை, 20 நிமிடம், ஒரு திருகு, வாடை இல்லை.