தென்னை நிற்கும் ஊரில் தென்னஞ் சாராயம்

கற்பிட்டிப் பக்கம் உள்ள எத்தாளைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடலுக்காக வருகிறார்கள். மே தொடங்கி ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும். அந்தக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் கண்டக்குளிப் பக்கம் நிறைந்துவிடுவார்கள். நவம்பருக்குப் பிறகு கடல் அடங்கும். அப்போது ஆலங்குடாக் கரையிலிருந்து டொல்பின் பார்க்கப் படகுகள் விடிய முன்னமே புறப்படும். நான் போனது ஒரு போத்தலைத் தேடி. கரும்பு கலக்காமல் தென்னங்கள்ளில் மட்டும் வடித்து, மரத்தொட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து முதிர்ந்த சாராயம் அது. கொழும்பிலேயே அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. புத்தளம், குருநாகல், கம்பஹா மூன்றும் சேர்ந்ததுதான் இலங்கையின் தென்னை முக்கோணம். அதன் கடலோரம் நெடுகப் போய்ப் பார்ப்போம், மரம் நிற்கிற இடத்தில் கிடைக்காதா என்ற எண்ணத்தில் புறப்பட்டேன்.

பாலாவிச் சந்தியில் புத்தளம் வீதியை விட்டுப் பிரிந்து கற்பிட்டிப் பாதையில் ஏறினால் நிலம் மாறிவிடுகிறது. ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், நடுவில் மணல். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி வெகுதூரத்துக்குத் தெரிகிறது. மாம்புரியில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன. தலவில் புனித அன்னம்மாள் கோவிலுக்குத் திரும்பும் பாதையில் மெழுகுதிரிக் கடைகள். அப்பால் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட மணல் தோட்டங்கள், நீர் தெளிக்கும் குழாய்கள், வேலியோரம் மேயும் கழுதைகள். இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தென்னை. காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் தென்னை.

நான் தங்கிய விடுதியின் மதுத் தட்டில் ஸ்கொட்ச் இருந்தது. அமெரிக்க பேர்பன் இருந்தது. வொட்காவில் இரண்டு மூன்று வகை. உள்ளூர்ச் சாராயம் என்று ஸ்பெஷல் போத்தல்கள் இரண்டு. தனித் தென்னஞ் சாராயம் இருக்கிறதா என்று கேட்டேன். பரிமாறிய தம்பி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “சேர், இதுவும் சாராயம்தானே” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. இலங்கையில் இன்று சாராயம் என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி கலவைதான். செவனகல, பெல்வத்த போன்ற இடங்களில் கரும்பைப் பிழிந்து சீனி எடுத்த பிறகு மிஞ்சும் பாகுக் கழிவைப் புளிக்கவைத்து வடித்தால், மணமும் குணமும் இல்லாத ஒரு ஸ்பிரிட் கிடைக்கும். அதனோடு தென்னஞ் சாராயத்தைக் கொஞ்சம் சேர்த்து நிறம் கொடுத்தால் போத்தல் தயார். எவ்வளவு கொஞ்சம் என்பதை வாங்குகிறவன் லேபிளைப் பார்த்து அறிய வழியில்லை.

மறுநாள் கற்பிட்டி நகரம் வரை போனேன். இரும்புக் கம்பி அடித்த கவுண்டருக்குப் பின்னால் நின்ற கடைக்காரர் என் கேள்வியை விளங்கிக்கொண்டார். தட்டைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. “அது கொழும்பில கேட்டுப் பாருங்க, தொர. இங்க எடுத்து வச்சா யார் வாங்குவா? ஒரு கேஸுக்குப் போடுற காசு அப்படியே நிக்கும். இந்தச் சரக்கு காலையில அடுக்கினா பொழுதுபட முடியும்.” சாதாரணச் சாராயமே ஒரு போத்தல் மூவாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மதுவரி திரும்பத் திரும்ப ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரியும் 18 வீதமானது. கடலுக்குப் போய்வந்த மனிதன் கால் போத்தலுக்கே காசை எண்ணிப் பார்க்கிறான். அப்படிப்பட்ட சந்தையில் முதிர்ந்த தென்னஞ் சாராயத்துக்கு முதல் போடச் சொல்லி ஒரு சிறு கடைக்காரரைக் கேட்பதில் நியாயமில்லை. என்னோடு வரிசையில் நின்றவர்கள் சில்லறையை எண்ணிக் கொடுத்த விதத்தைப் பார்த்தபோது, தட்டில் அது ஏன் இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

அமெரிக்காவில் அபூர்வ பேர்பனுக்கு அலைகிறவர்களின் கதை வேறு. கெண்டக்கியின் பப்பி வான் விங்கிள் என்ற பெயரைக் கேட்டாலே அங்குள்ள மதுப் பிரியர்களுக்கு ஏக்கம் வந்துவிடும். அதில் 23 ஆண்டுகள் முதிர்ந்த வகை ஒன்று உண்டு. பென்சில்வேனியா போன்று அரசே மதுக்கடை நடத்தும் மாநிலங்களில் இப்படிப்பட்ட போத்தல்களைக் குலுக்கல் போட்டுத்தான் விற்கிறார்கள். அங்கே தட்டுப்பாட்டுக்குக் காரணம் காலம். இன்று எவ்வளவு கேள்வி எழுந்தாலும் இருபது ஆண்டுகளுக்கு முன் அடைத்த பீப்பாய்களின் எண்ணிக்கை இனி மாறப் போவதில்லை. அதிலும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கு மரத்தின் வழியே ஆவியாகிவிடுகிறது. ஆனால் பேர்பன் வடிக்கும் சோளம் குறைவதில்லை. வடிக்கும் ஆட்களும் குறைவதில்லை. இன்று நிறைய வடித்தால் இருபது ஆண்டு கழித்து நிறையக் கிடைக்கும்.

தென்னஞ் சாராயத்தின் தட்டுப்பாடு அதற்கு முன்னாலேயே, மரத்தின் உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது.

எத்தாளையில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நானா வீட்டு முற்றத்தில் பிளேன்டீ குடித்தபடி இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டவரில்லை. நான் தேடி வந்த பொருளைச் சொல்ல எனக்கும் முதலில் தயக்கமாக இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மரத்தின் கணக்கைச் சொன்னார். “பாளையச் சீவினா அந்தக் கொலையில காய் இல்ல, தம்பி. தேங்காய் இருநூறு ரூவாய்க்கு மேல போன நேரம் எவன் மரத்தக் குடுப்பான்? எங்கட ஆக்கள் ஹறாம் எண்டு குடுக்க மாட்டம், அது வேற. குடுக்கிறவனும் இப்ப யோசிப்பான்.” அவர் சொன்னது 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் நாடு முழுவதும் உணர்ந்த தேங்காய்த் தட்டுப்பாட்டை. சம்பலுக்குத் தேங்காய் இல்லை என்று வீடுகளில் முறையிட்ட காலம். எண்ணெய் ஆலை, துருவல் ஆலை, தேங்காய்ப் பால் ஏற்றுமதி எல்லாம் ஒரே காய்க்குப் போட்டி போடும்போது, கள்ளுக்கு விடும் மரம் சொந்தக்காரருக்கு இழப்பாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அந்தப் பக்கம் நடந்த தோட்டங்களில் கள் முட்டி கட்டிய பாளை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

முட்டி கட்டிய மரங்களைப் பார்க்கத் தெற்கே வரவேண்டும். திரும்பும் வழியில் சிலாபம், மாதம்பை தாண்டி மாரவிலப் பக்கம் இறங்கினேன். அங்கே ஒரு தோட்டத்தில் மரத்துக்கு மரம் தும்புக் கயிறு இரண்டு இழுத்துக் கட்டியிருந்தது. கீழ்க் கயிறு காலுக்கு, மேல் கயிறு கைக்கு. சீவல்காரர் ஒரு மரத்தில் ஏறினால் பிறகு இறங்குவதில்லை. கயிற்றில் நடந்தே அடுத்த மரத்துக்குப் போகிறார். முட்டியில் சேர்ந்ததைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குகிறார்.

இந்தத் தொழிலின் நுணுக்கம் எனக்கு எப்போதும் வியப்பு. விரியாத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் சுற்றிவரப் பதமாகத் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் உள்ளே பூ நசுங்கிப் பாளை அழுகும். மெதுவாகத் தட்டினால் ஊறாது. பதம் வந்ததும் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி முட்டியைக் கவிழ்க்காமல் மாட்டவேண்டும். அதன் பிறகு காலையும் மாலையும் சீவல். ஒரு நேரம் தப்பினால் வாய் காய்ந்து ஊற்று நின்றுவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிப்பான கருப்பணியாக நிற்கும், பாணியும் வெல்லமும் காய்ச்சலாம். தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள். இன்னும் ஓரிரு நாள் வைத்தால் புளித்து வினாகிரி. ஆகவே சாராயத்துக்கான கள்ளைச் சுணங்காமல் வடிசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சோளத்தைப் போல மூட்டையில் கட்டிக் கிடங்கில் அடுக்கிவைத்து வசதிப்பட்ட மாதத்தில் வடிக்க முடியாது.

ஒரு போத்தலுக்கு எவ்வளவு கள் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் கடைகளில் விற்கும் சாராயம் பெரும்பாலும் 33.5 வீத வலு. 750 மில்லிலீட்டர் போத்தலில் கால் லீட்டர் தூய அல்ககோல். கள்ளில் இருப்பது ஆறு வீதம் அளவு என்று வைத்தால், வடிப்பில் போகும் சேதத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து லீட்டர் கள். ஒரு மரம் ஒரு நாளில் கொடுப்பது ஒன்றிரண்டு லீட்டர். தனித் தென்னஞ் சாராயம் ஒரு போத்தல் என்றால் மூன்று நான்கு மரங்களின் ஒரு நாள் ஊற்று, அத்தனை மரத்திலும் காலையும் மாலையும் ஒரு மனிதனின் உயிரைப் பணயம் வைத்த நடை. கரும்புக் கழிவோ லொறியில் தொட்டி தொட்டியாக வந்து இறங்குகிறது.

மரத்தடியில் நின்று முட்டிகளை வாங்கி ஊற்றிக்கொண்டிருந்த முதியவரோடு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசினேன். தகப்பனும் பாட்டனும் இதே தொழில் என்றார். மகன்? இத்தாலியில். மருமகனும் அங்கேதான். வென்னப்புவ, மாரவிலக் கரையிலிருந்து இத்தாலிக்குப் போகாதவர் இல்லாத குடும்பம் அரிது. ஊருக்குள் நிற்கும் மாடி வீடுகளே அதைச் சொல்லும். கயிற்றில் நடக்கும் தொழிலுக்குப் பிள்ளைகள் வரவில்லையே என்று அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. விழுந்து முடங்கிய இருவரைச் சுட்டிச் சொன்னார். எனக்கும் அவர் பக்கம்தான் சரி என்று பட்டது. ஒருவர் மகனை அந்தக் கயிற்றில் ஏற்றும்படி நான் எப்படிக் கேட்பேன்? தொழில் நிலைக்க வேண்டுமென்றால் அந்த உயரத்துக்கேற்ற கூலியும் காப்புறுதியும் பாதுகாப்புக் கவசமும் முதலில் வேண்டும். அந்தக் காசு போத்தல் விலையிலிருந்துதான் வரவேண்டும். கலவையும் தனித் தென்னையும் ஒரே பெயரில் விற்கும்வரை அது வராது.

சாராயத்தால் பணம் பண்ணியவர்கள் இல்லாமலில்லை. பிரித்தானியர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு ஏலம் விட்டார்கள். அந்தக் குத்தகையில் எழுந்த குடும்பங்கள்தான் பிறகு தோட்டமும் சுரங்கமும் வாங்கி இலங்கையின் முதல் முதலாளி வர்க்கமாயின என்பதைக் குமாரி ஜயவர்தன தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கம் அந்த ஏலங்களையும் தவறணைகளையும் எதிர்த்தே வளர்ந்தது. சேனாநாயக்க சகோதரர்கள் அரசியலுக்கு வந்ததும் அந்த வழியால்தான். குடி கெடுத்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அந்த இயக்கத்தின் கோபம் நியாயமானது. அதற்காக நல்ல பொருளையும் கலவையையும் ஒன்றாகக் கட்டிவைப்பது குடியைக் குறைக்காது. கெட்டதை மலிவாக்கி நல்லதை இல்லாமலாக்கும், அவ்வளவுதான்.

பேர்பனை 1964இல் அமெரிக்கக் காங்கிரஸ் தன் நாட்டுக்கே உரிய பொருளென்று தீர்மானம் போட்டு அறிவித்தது. அந்தப் பெயரைப் போட வேண்டுமென்றால் பாதிக்கு மேல், குறைந்தது 51 வீதம், சோளம் இருக்கவேண்டும். உள்ளே கரித்த புது ஓக் பீப்பாயில் கிடக்கவேண்டும். வாங்குகிறவன் எதை வாங்குகிறான் என்பது அவனுக்குத் தெரியும். சிலோன் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே உறுதியோடு கேட்க வேண்டிய அடுத்த பொருள் தென்னஞ் சாராயம் என்பது என் எண்ணம். போத்தலில் தென்னை எத்தனை வீதம், கரும்பு எத்தனை வீதம், தொட்டியில் எத்தனை ஆண்டு என்று அச்சிட்டால் போதும், மீதியை வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 2010 அளவில் ஒரு தென்னஞ் சாராயம் ‘சிலோன் ஆரக்’ என்ற பெயரில் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அங்குள்ள மதுக்கூடங்களில் அதைக் கலந்து குடித்துப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கற்பிட்டிக் கடைத்தட்டில் அதற்கு இடமில்லை.

நான் தேடிய போத்தலைக் கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டின் மதுப் பகுதியில், மேல் தட்டின் மூலையில் கண்டேன். முதல் நாள் போனபோது போயா என்பதால் அந்தப் பகுதி பூட்டியிருந்தது. மறுநாள் திறந்ததும் வாங்கினேன். கலவைச் சாராயத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட விலை. தென்னஞ் சாராயத்தை முதிர வைக்கும் ஹல்மில்ல மரம், வெளிநாட்டு வணிகர்கள் திருகோணமலை மரம் என்று பெயரிட்டு அழைத்தது, கரித்த ஓக்கைப் போல நிறத்தையும் புகையையும் ஏற்றுவதில்லை. ஆகவே வாயில் பேர்பனின் வனிலாவும் கருகலும் வராது. முதலில் பூவின் மணம், பின்னால் மெல்லிய தேங்காய் எண்ணெய் வழுவழுப்பு, கடைசியில் கள்ளின் புளிப்பு ஒரு துளி. தண்ணீர் கொஞ்சம் விட்டால் அந்தப் பூ மணம் இன்னும் விரிகிறது. சோடாவும் கோலாவும் ஊற்றி இதைக் குடிக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். லேபிளை வாங்கிப் படித்த ஒருவர், வடிசாலை பெயர் இருக்கிறது, கள் எந்த ஊர் என்று போடவில்லையே என்று கேட்டார். மாரவிலவா, நாத்தாண்டியவா, வாதுவையா? அதையும் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.