எஞ்சினுக்குக் காத்திருந்த தேஜஸ்

2021 பிப்ரவரியில், நம் பெங்களூரு ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் 83 தேஜஸ் போர் விமானங்களுக்கான ஒப்பந்தம் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். கைக்கு வந்தது. அவற்றுக்கான எஃப்404 எஞ்சின்களில் முதலாவது அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடமிருந்து 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. இடையில் இரு நாட்டுத் தலைவர்களின் சந்திப்புகளுக்கும் கூட்டறிக்கைகளுக்கும் குறைவில்லை. பாதுகாப்பு உறவை நாம் கைகுலுக்கல்களால் அளப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் தொழிலாளர் கைக்கு எந்தத் திறன் வந்தது என்பதே அளவுகோலாக வேண்டும்.

"1980களிலேயே இங்கு தொடங்கிய காவேரி எஞ்சின் தேஜஸுக்குப் போதவில்லையே, வாங்காமல் என்ன செய்வது?" என்பது நியாயமான கேள்வி. வாங்கத்தான் வேண்டும். ஆனால் காவேரி தந்த அனுபவம்தான், எஃப்414 எஞ்சினை இங்கேயே தயாரிக்க 2023 ஜூனில் ஜி.இ.யும் எச்.ஏ.எல்.லும் செய்த புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தொழில்நுட்பப் பரிமாற்றத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணம். விலையில் கொஞ்சம் இறங்கிப் போகலாம், இதில் கூடாது.