அண்ணனோட டர்போவும் என்னோட அரைகுறை தெர்மோடைனமிக்ஸும்

மெக்கானிக்கல் படிக்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கும். வீட்டு விசேஷத்துல யாராவது பக்கத்துல வந்து உக்காந்து, "நீ மெக்கானிக்கல்தானே? என் வண்டியில ஒரு சத்தம் வருது, என்னன்னு பாரேன்"னு கேப்பாங்க. அப்போ நமக்குத் தெரிஞ்சது வொர்க்‌ஷாப் லேப்ல இரும்புத் துண்டை அரம் போட்டு ராவினது மட்டும்தான். ஆனாலும் பானட்டைத் திறந்து பாத்து, தலையை ஆட்டி, ஏதோ ஒண்ணு சொல்லி வைப்போம்.

நானும் அப்படி ஒண்ணு சொல்லி வெச்சேன். அதுக்கு 16,000 ரூபா செலவாச்சு. என் காசு இல்ல, அண்ணன் காசு.

அண்ணன்னா என் பெரியப்பா பையன். கோயம்புத்தூர்ல ஒரு ஃபவுண்டரியில சூப்பர்வைசர். மூணு வருஷம் சீட்டு கட்டி, செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ எடுத்தாரு. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். கார் பைத்தியம் உள்ளவங்களுக்கு இந்தப் பேரைச் சொன்னாலே போதும், மத்ததை அவங்களே சொல்லிடுவாங்க.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தப்போ போனை நீட்டினாரு. பளபளன்னு ஒரு அலுமினியம் குழாய், அதோட முனையில சிவப்பு கோன் ஃபில்டர். "தம்பி, கோல்டு ஏர் இன்டேக்காம். போட்டா 10 ஹார்ஸ்பவர் ஏறும்னு கடைக்காரர் சொல்றாரு. நிஜமாடா?"

நான் அப்போ அஞ்சாவது செமஸ்டர். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "ஆமாணா. காத்து குளிர்ந்தா அடர்த்தி கூடும். அதே இடத்துல அதிக ஆக்சிஜன் போகும். அதிக பெட்ரோல் எரிக்கலாம். ஐடியல் காஸ் ஈக்வேஷன்தான்"னு சொன்னேன். பெரியப்பா பெருமையா பாத்தாரு. அடுத்த வாரமே கிட் மாட்டியாச்சு. கம்பெனி ஃபில்டர் பாக்ஸ் பரண்ல ஏறிடுச்சு.

முதல் ரைடு இன்னும் ஞாபகம் இருக்கு. ஆக்சிலரேட்டரை மிதிச்சா டர்போ சுத்தற விசில் சத்தம் காதுல கேக்குது. காலை எடுத்தா "புஸ்ஸ்"னு ஒரு பெருமூச்சு. "டேய், வண்டி பறக்குதுடா"ன்னாரு அண்ணன். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு பேருமே பொய் சொல்லல. காது சொன்னதை முதுகு நம்பிடுச்சு, அவ்வளவுதான்.

ஏப்ரல்ல அண்ணன் ஒரு விஷயம் சொன்னாரு. "வெயில்ல சிக்னல்ல நின்னுட்டு எடுத்தா வண்டி கொஞ்சம் சோம்பலா இருக்குடா. முன்னாடி இப்படி இல்ல." அவர் சாதாரணமாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னா அந்த செமஸ்டர்லதான் கம்ப்ரஸர் கணக்கெல்லாம் போட்டுக்கிட்டு இருந்தோம். தீபாவளியன்னைக்கு நான் சொன்ன பதில்ல டர்போங்கற வார்த்தையே வரலைங்கறது அப்போதான் உறைச்சுது.

மினி ப்ராஜெக்ட்டுக்கு வாங்கின ரெண்டு கே-டைப் தெர்மோகப்பிள் ரூம்ல சும்மா கிடந்துச்சு. ஒண்ணை ஃபில்டர் வாய்க்குப் பக்கத்துலயும் இன்னொண்ணை வெளிக்காத்து படற மாதிரி முன் பம்பர்லயும் ஒட்டினேன். வெளிய 36 டிகிரி. காந்திபுரம் சிக்னல்ல மூணு நிமிஷம் நின்னப்போ ஃபில்டர் இழுத்த காத்து 58 டிகிரி. அவிநாசி ரோட்டுல 60 கிலோமீட்டர் வேகத்துல போனப்போ 43.

அடுத்த ஞாயித்துக்கிழமை பரண்ல இருந்து பழைய பாக்ஸை இறக்கி மாட்டி, அதே நேரம், அதே ரோடு. சிக்னல்ல 46. ஓடும்போது 39.

புரியுதா? 'கோல்டு ஏர்'னு பேர் வெச்சு வாங்கினது சூடான காத்தை இழுக்குது. மூடி இல்லாத கோன் ஃபில்டர் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருந்தா வேற என்ன பண்ணும்? ரேடியேட்டர் தாண்டி வர்ற அனலும் டர்போவோட சூடும் அங்கதானே சுத்திக்கிட்டு இருக்கு. நாம அசிங்கமா இருக்குன்னு கழட்டிப் போடற கருப்பு பிளாஸ்டிக் பாக்ஸ், முன்னாடி கிரில் பக்கத்துல இருந்து ஒரு குழாய் வழியா வெளிக்காத்தை இழுக்கும். நிறைய கார்கள்ல கம்பெனியே இப்படித்தான் பண்ணிக் கொடுக்குது. உண்மையான கோல்டு ஏர் இன்டேக் பரண்லதான் இருந்துச்சு.

"சரி, அப்போ ஒழுங்கா மூடி போட்ட, வெளிக்காத்தை இழுக்கற நல்ல கிட் வாங்கினா?"னு நீங்க கேக்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டேன். கணக்கு நோட்டை எடுங்க.

ஒரு பக்கம் 50 டிகிரி காத்து, இன்னொரு பக்கம் 35 டிகிரி காத்து. 15 டிகிரி வித்தியாசம். டர்போ இல்லாத இன்ஜினா இருந்தா, கெல்வின்ல மாத்திப் பாத்தீங்கன்னா அடர்த்தி கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடும். நான் அண்ணன்கிட்ட சொன்ன பதில் இதுதான். தப்பான இன்ஜினுக்குச் சரியான பதில்.

டர்போவுல என்ன ஆகுதுன்னு பாருங்க. காத்தை அமுக்கினா சூடாகும். சைக்கிள் பம்போட அடியைத் தொட்டுப் பாத்தவங்களுக்கு இது தெரியும். ப்ரெஷர் ரேஷியோ 1.8, கம்ப்ரஸர் எஃபிஷியன்சி 70 சதவீதம்னு வெச்சுக்கோங்க. 35 டிகிரியில உள்ள போன காத்து சுமார் 115 டிகிரியில வெளிய வரும். 50 டிகிரியில போனது சுமார் 135. வித்தியாசம் 15ல இருந்து 20க்குப் பக்கம் போயிடுச்சு, இன்டேக் ஜெயிச்ச மாதிரிதான் தெரியுது.

ஆனா அடுத்து இன்டர்கூலர் இருக்கு. அதோட வேலையே இந்தச் சூட்டை வெளியில தள்ளறதுதான். அது 70 சதவீதம் எஃபெக்டிவ்னு எடுத்தா, முதல் காத்து 59 டிகிரிக்கு வரும், ரெண்டாவது 65க்கு வரும். கடைசியில மிஞ்சினது வெறும் 6 டிகிரி. அடர்த்தியில 2 சதவீதம்கூட இல்ல. வாசல்ல நாம கொண்டு வந்த குளிர்ச்சியில முக்கால்வாசிக் கணக்கை நடுவழியில இன்டர்கூலரே சரி பண்ணிடுது.

மிச்சம் இருக்கற அந்தத் துளியை ஈசியூ பாத்துக்கும். இன்னைக்கு டர்போ கார்கள்ல ஈசியூவுக்கு இவ்வளவு டார்க் வேணும்னு ஒரு இலக்கு இருக்கும். ப்ரெஷரையும் வெப்பநிலையையும் சென்சர் வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும். காத்து சுலபமா, குளிர்ச்சியா வந்தா, வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் திறந்து டர்போவோட வேலையைக் குறைச்சுக்கும். நீங்க வாசல்ல கொண்டு வந்து கொட்டினாலும், மேப்ல எழுதியிருக்கற அளவுதான் உள்ள போகும்.

குழாய் பெருசா இருந்தா அடைப்பு குறையுமேன்னு இன்னொரு வாதம் வரும். நியாயமான வாதம். 1.2 லிட்டர் டர்போ 5000 ஆர்பிஎம்ல நொடிக்குச் சுமார் 80 லிட்டர் காத்தைக் குடிக்கும். ஒரு நொடிக்கு நாலு தண்ணி கேன்! ஃபில்டர்ல 4 கிலோ பாஸ்கல் ப்ரெஷர் விழுந்தா, 180 கிலோ பாஸ்கல் எடுக்க டர்போ 1.8 மடங்குக்குப் பதிலா 1.87 மடங்கு அமுக்கணும். அதுக்கு டர்போகிட்ட மிச்ச சக்தி இருக்கற வரைக்கும் அமுக்கிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. டர்போ தன் எல்லையைத் தொடும்போதுதான் இன்டேக் முக்கியமாகும். அதாவது ஈசியூவை ரீமேப் பண்ணி, பூஸ்ட் ஏத்தி, பெரிய டர்போ போட்டவங்களுக்கு அது வீண் செலவு இல்ல. ஆபீஸ் போய்ட்டு வர்ற ஸ்டாக் வண்டிக்கு இல்ல.

கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்னு ஒரு நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு பைபாஸ்ல ஓட்டியும் பாத்தோம். ஒரே கியர், 40ல இருந்து 80, ஓபிடி ஆப்ல டைம். கிட்டோட அஞ்சு தடவை, பாக்ஸோட அஞ்சு தடவை. கிட்டுக்கும் பாக்ஸுக்கும் இருந்த வித்தியாசத்தைவிட, கிட்டோட ஓட்டின அஞ்சு தடவைக்குள்ளயே இருந்த வித்தியாசம் பெருசு. "என்னடா டைம் வந்துச்சு?"னு அண்ணன் கேட்டாரு. "வீட்டுக்குப் போய் பாத்துச் சொல்றேன்ணா"ன்னு மழுப்பிட்டேன்.

ரெண்டு வாரம் அப்படியே இழுத்தேன். ஒரு ஃபவுண்டரி சூப்பர்வைசருக்கு 16,000 ரூபாங்கறது என்னன்னு எனக்குத் தெரியும். கடைசியா நோட்டோட போய் எல்லாத்தையும் காட்டினேன்.

"அப்ப அந்த 10 ஹார்ஸ்பவர் எங்கடா போச்சு?"

"வரவே இல்லணா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு: "எங்க ஃபவுண்டரியில காஸ்டிங் வெளிய வந்த உடனே நல்லாருக்குன்னு யாரும் சொல்ல மாட்டோம்டா. மேல பளபளன்னுதான் இருக்கும். உள்ள காத்துக் குமிழி இருக்கும். ஒண்ணை எடுத்து அறுத்துப் பாத்துட்டுத்தான் மத்ததை அனுப்புவோம். நீ அறுக்காமயே சொல்லிட்ட."

அவர் திட்டியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

பழைய பாக்ஸ் திரும்ப மாட்டியாச்சு. மழைக்காலத்துக்கு முன்னாடி மாட்டினதுல எனக்கு ஒரு நிம்மதியும் உண்டு. சில கிட்ல ஃபில்டர் பம்பருக்குக் கீழ வரைக்கும் இறங்கி இருக்கும். தேங்கின தண்ணியில விட்டா இன்ஜின் தண்ணியைக் குடிச்சிடும். தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். நம்ம ஊர் அண்டர்பாஸ்கள் மழைக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

கிட்டை விக்கலாம்னு விளம்பரம் போட்டாரு. ஒரு பையன் பாக்க வந்தான், நம்ம வயசுதான். அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "பவர் ஏறுமான்னு கேப்பான்டா, என்ன சொல்லட்டும்?"னாரு. "சத்தம் சூப்பரா இருக்கும்னு சொல்லுங்கணா. பவர் ஏறாதுன்னும் சொல்லிடுங்க"ன்னேன். சொன்னாரு. அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டே, "எனக்கு சத்தம்தாண்ணா வேணும்"னு 7,000 கொடுத்து வாங்கிட்டுப் போனான். எனக்கென்னவோ இந்தக் கதையில சரியான காரணத்துக்கு அந்தக் கிட்டை வாங்கினவன் அவன் ஒருத்தன்தான்னு தோணுது.

நீங்களும் ஸ்டாக் டர்போ வண்டி வெச்சிருந்தா, முதல்ல ஃபில்டரைத் திறந்து பாருங்க. தூசி அடைஞ்சிருந்தா சில நூறு ரூபாவுல புதுசு மாத்துங்க. மிச்சக் காசு இருந்தா டயரையும் பிரேக் பேடையும் பாருங்க. அதுக்கு மேலயும் விசில் சத்தம் வேணும்னா தாராளமா இன்டேக் வாங்குங்க, ஆனா சத்தத்துக்குத்தான் வாங்கறேன்னு தெரிஞ்சு வாங்குங்க.

அப்புறம், அடுத்த விசேஷத்துல யாராவது "நீ மெக்கானிக்கல்தானே"ன்னு ஆரம்பிச்சா, "பாத்துட்டுச் சொல்றேங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அந்தப் பதில்ல மானம் ஒண்ணும் போயிடாது. அண்ணன் இப்பவும் என்கிட்டதான் கேக்கறாரு. போன வாரம் புது ஸ்பார்க் பிளக் பத்திக் கேட்டாரு. கேட்டுட்டு அவரே சேத்துக்கிட்டாரு: "அறுத்துப் பாத்துட்டுச் சொல்லு."